வன்னியில் வீடு கட்ட அனுமதி எடுப்பவர்களுக்கு: பிரதேச சபைப் படியேறுவதற்கு முன்னும் பின்னும்

ஆயிரம் சதுர அடிக்குச் சற்று மேற்பட்ட, மாடியில்லாத ஒரு சாதாரண வீட்டுக்கு அனுமதி எடுக்க எனக்கு ஏழு மாதங்கள் பிடித்தன. பிறகு ஒருநாள் திகதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தபோது, அந்த ஏழு மாதங்களில் உத்தியோகத்தர் ஒருவர் என் விண்ணப்பத்தைக் கையிலெடுத்து வேலை செய்த காலம் ஐந்து கிழமைகளைக்கூடத் தாண்டவில்லை என்று தெரிந்தது. மிகுதிக் காலம் இரண்டு வகையாகப் போயிருந்தது: நான் பிழையான கந்தோரில் பிழையான கடதாசியோடு நின்ற நாட்கள் ஒரு பங்கு, கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று எனக்கும் தெரியாமல், முகப்பில் இருந்தவருக்கும் தெரியாமல் அது கிடந்த நாட்கள் இன்னொரு பங்கு.

உள்ளூராட்சி மன்றங்களை நவீனப்படுத்துவது பற்றி இப்போது நிறையப் பேசுகிறார்கள். கணினிப் பற்றுச்சீட்டும் வரிசை இலக்கமும் வந்துவிட்ட இடங்களும் இருக்கின்றன. ஆனால் நான் ஏறி இறங்கிய சபையில் கட்டட விண்ணப்பம் நாடா கட்டிய கடதாசிக் கோப்பாகவே ஓர் அறையிலிருந்து மற்ற அறைக்குப் போனது. அது எங்கே நிற்கிறது என்பதைச் சபையின் கணினி சொல்லும் நாள் வரும்வரை, அந்தக் கணக்கை நீங்களே வைத்திருக்க வேண்டும். கீழே உள்ள படிகள் அனைத்தும் அதற்காகவே எழுதப்பட்டவை. மீள்குடியேறிய காணியில் முதன்முறை நிரந்தர வீடு கட்டுகின்றவர்களையும், வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருந்து திரும்பி வந்தவர்களையும் நினைத்து எழுதுகிறேன். வவுனியா மாநகர சபை, மன்னார் நகர சபை எல்லைக்குள் இருப்பவர்களுக்குச் சட்டமும் படிவங்களும் சற்று வேறுபடும். அலைச்சல் பெரும்பாலும் ஒன்றே.

1. முதலில் கந்தோரைச் சரியாகப் பிடியுங்கள்

பிரதேச செயலகம் வேறு, பிரதேச சபை வேறு. பெயர் ஒன்றாக இருப்பதனால் இந்த இரண்டையும் குழப்பாதவர் குறைவு. எங்கள் ஊரில் வயதானவர்கள் பிரதேச செயலகத்தை இன்றும் ‘ஏ.ஜீ.ஏ. கந்தோர்’, அதாவது உதவி அரசாங்க அதிபரின் கந்தோர், என்றே சொல்லுகிறார்கள். அந்தப் பழைய பெயரை மனத்தில் வைத்திருந்தால் குழப்பம் குறையும். காணி அனுமதிப்பத்திரம், பிறப்பு இறப்புச் சான்றிதழ்களின் பிரதி, கிராம அலுவலரின் கடிதத்துக்கான மேலொப்பம் ஆகியவை செயலகத்தின் வேலை. கட்டட வரைபட அனுமதி, ஆதன வரி, வியாபார உரிமம், தெருவிளக்கு, உள்வீதி, வடிகால், குப்பை அகற்றல் ஆகியவை சபையின் வேலை. நான் முதல் இரண்டு நாட்களைச் செயலக வரிசையில் நின்று தொலைத்தேன். மூன்றாம் நாள்தான் ஒரு முகாமைத்துவ உதவியாளர் இரக்கப்பட்டு, “ஐயா, இது சபையடி வேலை” என்றார்.

எல்லைகளும் ஒன்றல்ல. கிளிநொச்சி மாவட்டத்தில் கரைச்சி, கண்டாவளை, பூநகரி, பச்சிலைப்பள்ளி என்று நான்கு பிரதேச செயலகங்கள் உண்டு; பிரதேச சபைகளோ மூன்றுதான். கண்டாவளையில் இருப்பவர் காணிக்குக் கண்டாவளைச் செயலகத்துக்கும், கட்டட அனுமதிக்குக் கரைச்சிப் பிரதேச சபைக்கும் போக வேண்டும். ஒட்டுசுட்டானில் இருப்பவருக்குச் செயலகம் அங்கேயே உண்டு, சபை புதுக்குடியிருப்புப் பிரதேச சபை. சபைகளுக்கு உப அலுவலகங்கள் இருப்பதனால், தலைமை அலுவலகத்துக்குப் பேருந்து ஏறுவதற்கு முன்னர் உங்கள் வட்டாரத்துக்கான உப அலுவலகம் எது என்றும், அங்கே கட்டட விண்ணப்பத்தை ஏற்பார்களா என்றும் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

காணி எந்த வீதியைப் பார்த்தபடி இருக்கிறது என்பதும் முக்கியம். ஏ9, பரந்தன்–முல்லைத்தீவு ஏ35, மாங்குளம்–முல்லைத்தீவு ஏ34 போன்ற பெருவீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. அடுத்த தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு உரியவை. மிகுதியான உள்வீதிகளில் பெரும்பாலானவை சபையின் வீதிகள். உங்கள் முற்றம் முதல் இரண்டு வகை வீதிகளில் ஒன்றைத் தொட்டால், அந்தத் திணைக்களத்தின் கடிதமும் தேவைப்படும் என்று எதிர்பாருங்கள். இதை முதல் நாளே கேட்காமல் விட்டால், வரைபடம் போட்டு முடிந்த பின்னர் சுவரைப் பின்தள்ளச் சொல்வார்கள்.

2. காணிக் கடதாசி

விண்ணப்பம் தாமதமாவதற்கு வன்னியில் முதற் காரணம் காணி ஆவணம்தான். உங்கள் காணி பின்வரும் மூன்றில் எது என்று முதலில் தீர்மானியுங்கள்.

உறுதிக் காணியானால், உறுதியின் பிரதியும் நில அளவைப் படமும் தேவை. உறுதி இடப்பெயர்வில் தொலைந்திருந்தால் மனம் தளர வேண்டாம். நொத்தாரிசு முடிக்கும் ஒவ்வோர் உறுதியின் இரண்டாம் பிரதியும் காணிப் பதிவகத்துக்குப் போகிறது. நொத்தாரிசின் அலுவலகமே அழிந்திருந்தாலும் பதிவகத்தில் அந்தப் பிரதி இருக்க வாய்ப்புண்டு. உறுதி இலக்கமும் ஆண்டும் தெரிந்தால் தேடுவது சுலபம். தெரியாவிட்டால், அதே காணியின் அயற்காணிக்காரருடைய உறுதியை வாங்கிப் பாருங்கள். எல்லை விபரத்தில் உங்கள் தகப்பனாரின் பெயர் வந்திருக்கும். அதிலிருந்து பதிவேட்டின் பக்கத்தைத் தேடிப் பிடிக்க முடியும். இந்த வழியை எனக்குச் சொன்னவர் ஓய்வுபெற்ற ஒரு எழுதுவினைஞர். அவர் சொல்லாவிட்டால் இன்னொரு மாதம் போயிருக்கும்.

அரச காணியில் அனுமதிப்பத்திரமோ அளிப்புப் பத்திரமோ, அதாவது நாங்கள் பேச்சில் ‘பேமிற்’ என்று சொல்லுவது, உங்களிடம் இருந்தால், அது யாருடைய பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்ட காணிக்கு, பெயருக்குரியவர் இறந்துவிட்டால் பின்னுரித்தாளரின் பெயருக்கு அது மாற்றப்பட வேண்டும். தகப்பனார் காலமாகிப் பதினைந்து ஆண்டுகள் ஆகியும் பேமிற் அவர் பெயரிலேயே இருக்கும் வீடுகள் வன்னியில் ஏராளம். சபை அந்தப் பிரதியை வாங்கிக்கொண்டு, சில மாதங்கள் கழித்து, “விண்ணப்பதாரர் காணிக்காரர் அல்ல” என்று திருப்பி அனுப்பும். பெயர் மாற்றத்தைச் செயலகத்தின் காணிக் கிளையில் முடித்துக்கொண்டே சபைக்குப் போங்கள். மூலப்பத்திரம் தொலைந்திருந்தாலும் அதே கிளையின் பேரேட்டில் பதிவு இருக்கிறதா என்று எழுத்தில் கேட்கலாம். தொலைந்தமைக்குப் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி ஒன்றையும் சேர்த்துக் கொடுங்கள்.

மூன்றாவது வகை, பல ஆண்டுகளாகக் குடியிருந்தும் கையில் எந்தப் பத்திரமும் இல்லாத காணி. இதற்குச் சபையில் பரிகாரம் இல்லை. காணிக் கச்சேரி (காணி கேட்பவர்களை அழைத்து விசாரிக்கும் கூட்டம்) அல்லது காணி நடமாடும் சேவை எப்போது நடக்கும் என்று செயலகத்தில் கேட்டு, அங்கே உங்கள் விடயத்தைப் பதியுங்கள். காடு ஒட்டிய காணியானால், வனவளத் திணைக்களத்தின் எல்லைக் கல் எங்கே நிற்கிறது என்பதை நேரில் போய்ப் பாருங்கள். வேலிக்கு உள்ளே கல் நிற்கிறது என்பதைக் கொத்தனார் அத்திவாரம் வெட்டும் நாளில் கண்டுபிடித்தவர்களும் உண்டு. காணி வயலாகப் பதிவாகியிருந்தால், அதை நிரப்பி வீடு கட்டுவதற்கு 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் வேறாக அனுமதி வேண்டும். கமநல சேவை நிலையத்தில் அதை முதலில் விசாரியுங்கள். குளக்கட்டுக்கு அருகில் உள்ள காணிக்கும் குள ஒதுக்கீட்டைப் பற்றிய கேள்வி வரும்.

இனிப் பொதுவான இரண்டு பொறிகள். ஒன்று, அளவு. பேமிற்றில் ‘கால் ஏக்கர்’ என்றும், ஊர் வழக்கில் ‘நாலு பரப்பு’ என்றும், உறுதியில் ‘40 பேர்ச்’ என்றும், புதிய நில அளவைப் படத்தில் ‘0.1012 ஹெக்டெயர்’ என்றும் இருப்பவை அனைத்தும் ஒன்றே. ஆனால் நில அளவையாளர் அளந்த அளவு பத்திரத்தில் உள்ளதிலும் கூடினாலோ குறைந்தாலோ, அதற்கான காரணத்தைப் படத்தின் கீழேயே எழுதித் தரும்படி அவரிடம் கேளுங்கள். மற்றது, பெயர். அடையாள அட்டையில் முழுப்பெயர், உறுதியில் முதலெழுத்து, வரிச் சிட்டையில் வேறு எழுத்துக்கூட்டல் என்று இருந்தால், எல்லாப் பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன என்று சமாதான நீதவானிடம் ஒரு சத்தியக்கடதாசி முடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முற்பகலில் முடிகின்ற வேலை. நான் அதைச் செய்யாததனால் மூன்று கிழமைகள் போயின.

3. விண்ணப்பப் படிவம் வாங்கும் நாளிலேயே கேட்க வேண்டியவை

படிவத்தை வாங்கிக்கொண்டு உடனே வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். கந்தோர்களின் வாசலில் பிரசைகள் பட்டயம் என்று ஒரு பெரிய பலகை மாட்டப்பட்டிருக்கும். எந்தச் சேவைக்கு எந்த ஆவணம், எவ்வளவு கட்டணம், எத்தனை நாள், பொறுப்பான உத்தியோகத்தர் யார் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். நிழலில் நின்று அதைப் படிப்பவரை நான் கண்டதில்லை; நீங்கள் படியுங்கள், கைபேசியில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு “ஒரு மாதத்தில் என்று உங்கள் பலகையிலேயே இருக்கிறதே” என்று அமைதியாகச் சொல்ல அது உதவும்.

அத்தோடு நான்கு கேள்விகளுக்கு விடை வாங்குங்கள். உங்கள் காணி நகர அபிவிருத்தி அதிகார சபையால் பிரகடனப்படுத்தப்பட்ட பிரதேசத்துக்குள் வருகிறதா? வந்தால் 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டத்தின் ஒழுங்குவிதிகள் பொருந்தும், திட்டமிடல் குழுவின் தீர்மானமும் தேவைப்படும். அந்தக் குழு அடுத்து எப்போது கூடுகிறது? கூட்டத்துக்கு எத்தனை நாட்களுக்கு முன்னர் கோப்பு முழுமையாக இருக்க வேண்டும்? தொழில்நுட்ப உத்தியோகத்தர் கள ஆய்வுக்குப் போகும் நாட்கள் எவை? குழு கூடிய மறுநாள் நீங்கள் விண்ணப்பம் கொடுத்தால், அடுத்த கூட்டம்வரை கோப்பு சும்மா கிடக்கும். இரண்டு நாட்கள் முந்திக் கொடுத்திருந்தால் ஒரு மாதம் மிஞ்சியிருக்கும்.

கிராமப் புறத்தில், “எங்கட பக்கம் அனுமதி ஒன்றும் தேவையில்லை” என்று அயலவர் சொல்வார். அதை நம்பிக் கட்டத் தொடங்கியவர்கள், வங்கிக் கடனுக்குப் போகும்போதோ காணியை விற்கும்போதோ பின்னோக்கி அனுமதி கேட்டு, மேலதிகக் கட்டணமும் கட்டி அலைகிறார்கள். தேவையில்லை என்றால் தேவையில்லை என்று சபை எழுதித் தரட்டும்.

4. வரைபடம்

ஒரு நல்ல படவரைஞரை எடுங்கள். மலிவானவரையல்ல, உங்கள் சபையில் முன்னரும் வரைபடம் கொடுத்து அனுமதி பெற்றவரை. எந்தச் சபை எத்தனை பிரதிகள் கேட்கும், எந்த அளவுத்திட்டத்தில் கேட்கும், எந்தத் தகுதியுள்ளவரின் கையொப்பத்தை ஏற்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். எங்களிடம் மூன்று பிரதிகள் கேட்டார்கள். மாடி வீடானால் பொறியியலாளரின் கட்டமைப்பு உறுதிப்படுத்தலும் கேட்கப்படும்.

வரைபடத்தில் வீட்டை மாத்திரம் வரைந்து கொடுப்பது மிகச் சாதாரணமான தவறு. கிணறு, மலக்கூடக் குழி, பழைய தற்காலிக வீடு, மாட்டுக்கொட்டில், வீதியின் அகலம், வேலியிலிருந்து நான்கு பக்கத் தூரம் என்று காணியில் இருக்கின்ற எல்லாம் இடவமைப்புப் படத்தில் வர வேண்டும். மலக்கூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் குறைந்தது 50 அடி காட்டும்படி எங்களிடம் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கேட்டார். அந்தத் தூரத்தை உங்கள் கிணற்றுக்கு மட்டுமல்ல, அயல்வீட்டுக் கிணற்றுக்கும் அளந்து பாருங்கள். எங்கள் கிணற்றிலிருந்து தூரம் சரியாக இருந்தது. பக்கத்துக் காணிக் கிணறு வேலிக்கு அப்பால் ஏழடியில் இருந்ததை நானும் படவரைஞரும் கவனிக்கவில்லை. குழியின் இடம் மாறியது, அதனால் குளியலறை மாறியது, அதனால் மூன்று பிரதிகளும் மீண்டும் அச்சானது.

வீட்டுத்திட்டமொன்றின் கீழ் கிடைத்த மாதிரி வரைபடத்தை அப்படியே வைத்திருப்பவர்கள், அதில் பின்னர் சேர்த்த விறாந்தையையும் குசினியையும் வரைந்து சேர்த்துக்கொள்ள வேண்டும்.

5. கோப்பைக் கையளிக்கும் நாள்

எல்லாவற்றிலும் இந்தப் படியே முக்கியம் என்பது என் அபிப்பிராயம். ஒரே கோப்பு, ஒரே நாள், ஒரே கையளிப்பு. துண்டு துண்டாக ஆவணம் கொடுத்தால், பிறகு வந்த கடதாசி முதற் கோப்போடு சேராமல் வேறொரு அலுமாரியில் தூங்கும்.

கோப்பின் முன்பக்கத்தில், உள்ளே என்ன இருக்கிறது என்று இலக்கமிட்ட ஒரு பட்டியலை வையுங்கள்: நிரப்பிய விண்ணப்பம், அடையாள அட்டைப் பிரதி, உறுதி அல்லது பேமிற் பிரதி, நில அளவைப் படம், வரைபடப் பிரதிகள், நடப்பாண்டு வரி கட்டிய பற்றுச்சீட்டு, கிராம அலுவலரின் கடிதம், பெருவீதியானால் வீதித் திணைக்களத்தின் கடிதம், சத்தியக்கடதாசி. வீதிக்காக ஒதுக்கிய எல்லை எதுவரை வருகிறது என்று காட்டும் வீதிக்கோட்டுச் சான்றிதழும் உங்கள் சபையில் கேட்கப்படலாம். அதே பட்டியலை இரண்டாவது தாளிலும் அச்சிட்டு, “மேற்கூறியவை பெற்றுக்கொள்ளப்பட்டன” என்று திகதி முத்திரையும் கையொப்பமும் வாங்கி வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். முகப்பில் இருப்பவர் முதலில் தயங்கக்கூடும். “பிறகு ஒன்றும் குறையாமல் இருக்க எனக்கும் உங்களுக்கும் நல்லது” என்று சொன்னால் வைத்துத் தருவார்.

அடுத்தது, கோப்பு இலக்கம். பணம் கட்டிய பற்றுச்சீட்டின் இலக்கம் கோப்பு இலக்கமல்ல. நான் நான்கு மாதங்களாகப் பற்றுச்சீட்டு இலக்கத்தைச் சொல்லியே விசாரித்துக்கொண்டிருந்தேன், அவர்களும் வேறு பதிவேட்டில் தேடிக்கொண்டிருந்தார்கள். கட்டட விண்ணப்பப் பதிவேட்டில் உங்கள் வரிசை இலக்கம் என்ன என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரு கொப்பி வாங்கி, ஒவ்வொரு முறையும் யாரிடம் போனேன், என்ன சொன்னார், அடுத்து எப்போது வரச் சொன்னார் என்று எழுதி வாருங்கள். கண்காணிப்பு மென்பொருள் இல்லாத சபைக்கு இந்தக் கொப்பிதான் மென்பொருள்.

காலத்தைப் பற்றி ஒரு சொல்: மாரி பெய்யத் தொடங்கும் ஒக்டோபருக்குப் பிறகு வன்னியின் பல ஒழுங்கைகளில் கள ஆய்வுக்கு வாகனம் போகாது, டிசம்பரில் சபை முழுவதும் பாதீட்டிலும் ஆண்டிறுதிக் கணக்கிலும் மூழ்கியிருக்கும், ஜனவரியில் வரி கட்டும் கூட்டம். பெப்ரவரியில் கோப்பைக் கொடுத்தால் வெயில் காலத்துக்குள் அத்திவாரம் போடலாம்.

6. கள ஆய்வு

தொழில்நுட்ப உத்தியோகத்தரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வெவ்வேறு நாட்களில் வரலாம். இருவரும் வருவதற்கு முன்னர் பற்றையை வெட்டி, எல்லைக் கற்களைத் தெரியச் செய்து, வீடு வரும் இடத்துக்கு முளையடித்துக் கயிறு கட்டி, குழி வரும் இடத்தை அடையாளமிட்டு வையுங்கள். நீங்கள் வெளியூரில் இருந்தால், வரைபடத்தை விளங்கிக்கொண்ட ஒருவரைக் காணியில் நிறுத்துங்கள். எங்கள் வீட்டில் பெரியம்மா நின்றார். வந்தவர் கேட்ட ஒரு கேள்விக்கும் விடை தெரியாமல், தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டார். மறுமுறை அவர் வர ஐந்து கிழமைகள் ஆயின.

ஆய்வு முடிந்ததும், “ஏதும் குறை இருக்கிறதா?” என்று அங்கேயே கேளுங்கள். இருந்தால் அதை எழுத்தில் அனுப்பும்படி வேண்டுங்கள். வாய்ச்சொல்லில் திருத்தினால், அடுத்து வருபவர் வேறு திருத்தம் சொல்வார். பெற்றோலுக்கு என்றோ ‘சந்தோசத்துக்கு’ என்றோ காசு கேட்கப்பட்டால் கொடுக்க வேண்டியதில்லை. இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 என்ற இலக்கத்துக்கு முறைப்பாடு செய்யலாம்.

7. காசு

சபைக்குச் செலுத்தும் தொகை பெரும்பாலும் மொத்தச் செலவில் சிறிய பங்கே. நில அளவையாளருக்கும் படவரைஞருக்கும் போவதே பெரியது. சபையின் கட்டணம் வீட்டின் பரப்பளவையும் பயன்பாட்டையும் பொறுத்து மாறும். வீட்டோடு ஒரு சிறிய கடையறையைச் சேர்த்தால் வீதமே மாறக்கூடும் என்பதால், கடை நிச்சயமில்லை என்றால் இப்போது வரைய வேண்டாம். பிறர் கட்டிய தொகையைக் கேட்டுக்கொண்டு போகாமல், நடப்பாண்டின் கட்டண வீதத்தைச் சபையிடமே எழுத்தில் கேளுங்கள்.

காசைச் சிறாப்பரிடம் (சபையின் காசாளரிடம்) மட்டும் கட்டுங்கள். பற்றுச்சீட்டில் பெயர், வரி இலக்கம், எதற்காகக் கட்டப்பட்டது என்ற மூன்றையும் கவுன்ரரை விட்டு விலகுவதற்கு முன்னரே வாசித்துப் பாருங்கள். ‘ஏனைய வருமானம்’ என்று போட்ட பற்றுச்சீட்டு பிறகு உங்களுக்கு உதவாது.

ஆதன வரி, எங்கள் பேச்சில் சோலை வரி, நிலுவையில் இருந்தால் அனுமதியும் நிற்கும். முழு ஆண்டு வரியையும் ஜனவரி 31 ஆம் திகதிக்குள் கட்டினால் 10 வீதக் கழிவு உண்டு. காலாண்டாகக் கட்டுபவர்கள் அந்தக் காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 வீதம். அரசாங்கத்தின் கவ்பே (GovPay) என்ற இணையவழிக் கொடுப்பனவு முறை 2025 பெப்ரவரியில் தொடங்கியிருக்கிறது. உங்கள் சபை அதில் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்; சேர்ந்திருந்தால் வெளிநாட்டில் உள்ள பிள்ளையே வங்கிச் செயலி மூலம் வரி கட்டிவிடலாமா என்பதையும் அப்போதே விசாரியுங்கள். அப்படிக் கட்டினாலும் கொடுப்பனவு இலக்கத்தை அச்சிட்டுக் கோப்பில் வையுங்கள். நான் இணையத்தில் கட்டிய ஒரு தொகை வேறொரு சபைப் பிரிவின் ஏட்டில் ஏற இரண்டு மாதங்கள் சென்றன.

8. கோப்பு நகராவிட்டால்

பலகையில் போட்ட காலம் தாண்டினால், சண்டை பிடிக்காமல் ஒவ்வொரு படியாக ஏறுங்கள். முதலில் பிரதேச சபையின் செயலாளருக்கு, கோப்பு இலக்கத்தையும் கையளித்த திகதியையும் குறிப்பிட்டு ஒரு பக்கக் கடிதம். பதிவுத் தபாலில் அனுப்பி, சிட்டையை வைத்துக்கொள்ளுங்கள். நேரில் பேச விரும்பினால் பொதுமக்கள் சந்திப்பு நாள் எது என்று முன்னரே கேட்டுப் போங்கள். மற்ற நாட்களில் அவர் கூட்டத்தில் இருப்பார். உங்கள் வட்டார உறுப்பினரிடம் சொல்லலாம், தவறில்லை. ஆனால் அவரைக் கொண்டு உத்தியோகத்தரை அதட்டச் செய்வதைத் தவிருங்கள். அவரிடம் கேட்கத் தக்க உதவி வேறு: மாதாந்தக் கூட்டத்தில், நிலுவையிலுள்ள கட்டட விண்ணப்பங்கள் எத்தனை, எவ்வளவு காலமாக என்று கேள்வி எழுப்புவதும், கையளிக்கும் போதே கோப்பு இலக்கத்தைக் குறுஞ்செய்தியாக அனுப்பும் வழக்கத்தைக் கொண்டுவரும்படி பிரேரணை வைப்பதும். ஒரு கணினியும் ஒரு பொறுப்பாளரும் இருந்தால் அது முடியும். அனுமதி பெற்ற பின்னர் எங்கள் சனசமூக நிலையத்தின் கடிதத்தாளில் நான் எழுதிக் கொடுத்த ஒரே கோரிக்கை அதுதான்.

அதற்கும் மேல், மாவட்டத்தில் உள்ளூராட்சி உதவி ஆணையாளர் இருக்கிறார்; சபைகளின் நிருவாகத்தை மேற்பார்க்கும் அவருக்கு முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்கலாம்.

ஆனால் எனக்குக் கைகொடுத்தது 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம். சபையின் தகவல் உத்தியோகத்தருக்குக் கோரிக்கை கொடுக்க வேண்டும். அச்சிட்ட படிவம் கட்டாயமில்லை, வெள்ளைத்தாளில் எழுதினாலும் போதும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லவும் தேவையில்லை. “என் அனுமதி ஏன் தாமதம்?” என்று கேட்காதீர்கள், அதற்கு “பரிசீலனையில் உள்ளது” என்ற ஒற்றை வரி விடைதான் வரும். ஆவணத்தைக் கேளுங்கள்: இன்ன இலக்கக் கோப்பின் குறிப்புத் தாள்களின் பிரதி, கள ஆய்வு அறிக்கையின் பிரதி, அந்தக் கோப்பு சமர்ப்பிக்கப்பட்ட திட்டமிடல் குழுக் கூட்டங்களின் திகதியும் அறிக்கையும். குறிப்புத் தாளில் எந்த நாளில் யாரிடம் கோப்பு போனது என்பது கையொப்பத்தோடு இருக்கும்.

தருவதா இல்லையா என்ற தீர்மானத்தை 14 வேலை நாட்களுக்குள் தர வேண்டும். தருவதாகச் சொல்லிக் கட்டணம் கேட்டால், கட்டிய பின் 14 நாட்களுக்குள் தகவல் வர வேண்டும். தகவல் மிகப் பெரியதானால் இன்னும் 21 நாட்கள்வரை நீடிக்கலாம். பிரதிக் கட்டணம் சில ரூபாக்களே. பதில் வராவிட்டாலோ மறுத்தாலோ, 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு செய்யுங்கள். அவர் மூன்று கிழமைகளுக்குள் தீர்மானிக்க வேண்டும். அதுவும் பலிக்காவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் கொழும்பிலுள்ள தகவலறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். இந்தத் திகதிகளைத் தவறவிட்டு உரிமையை இழப்பவர்கள் அதிகம், ஆகவே கொப்பியில் சிவப்பால் எழுதுங்கள். எனக்கு முதற் படியோடு முடிந்தது: கோரிக்கை கொடுத்த ஒன்பதாம் நாள், என் கோப்பு ஒரு கையொப்பத்துக்காக இடமாற்றம் பெற்றுப் போன உத்தியோகத்தரின் மேசையில் இருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. ஒருவரும் வேண்டுமென்று செய்யவில்லை. இருப்பது ஒருவருக்கும் தெரியவில்லை, அவ்வளவே.

வேறு திணைக்களங்களிலிருந்து கடிதம் சிங்களத்தில் மட்டும் வந்தால், தமிழில் பெறுவதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. ஒரு வரி எழுதிக் கேளுங்கள். எந்தத் திணைக்களம் எங்கே என்று தெரியாதபோது அரசாங்கத் தகவல் நிலையத்தின் 1919 இலக்கம் உதவும், தமிழிலும் பேசலாம்.

9. அனுமதி கிடைத்த பின்

முத்திரையிட்ட வரைபடம் கையில் வந்ததும் அலைச்சல் முடிந்தது என்று நினைக்கத் தோன்றும். அனுமதி பொதுவாக ஓராண்டுக்கே செல்லுபடியாகும். வெளிநாட்டுக் காசு வந்து வந்து, சிறிது சிறிதாகக் கட்டுபவர்கள் காலம் முடிவதற்கு ஒரு மாதத்துக்கு முன்னரே நீடிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். கட்டும்போது மேசன் சொன்னார் என்று அறையின் இடத்தை மாற்றினால், திருத்திய வரைபடத்தையும் சபைக்குக் கொடுத்துவிடுங்கள். அனுமதி பெற்ற படத்தின் ஒரு பிரதியைக் கட்டுமிடத்தில் வைத்திருங்கள். மூலப்பிரதியை அல்ல, அதில் சீமெந்து படும்.

வீடு முடிந்ததும் இணக்கச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். சபைப் படிவங்களில் இதன் பெயர் மாறுபடலாம், வங்கியில் ‘சி.ஓ.சி.’ என்றே கேட்பார்கள். கடனின் இறுதித் தவணையை இதைப் பார்த்த பிறகே விடுவிக்கும் வங்கிகள் உண்டு. இதற்கு மீண்டும் ஒரு கள ஆய்வு வரும். அப்போது அவர்கள் அளப்பது அதே கிணறு, அதே குழி, அதே வீதிப் பக்கத் தூரம்.

சில மாதங்களில் வீட்டுக்குப் புதிய ஆண்டுப் பெறுமதி நிர்ணயித்து வரி அறிவித்தல் வரும். தொகை கூடுதலாகத் தோன்றினால், ஆட்சேபனை தெரிவிப்பதற்கான இறுதித் திகதி அந்த அறிவித்தலிலேயே அச்சிடப்பட்டிருக்கும். அறிவித்தல் பழைய தற்காலிக வீட்டின் இலக்கத்துக்கும் புதிய வீட்டின் இலக்கத்துக்கும் தனித்தனியாக வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். எங்களுக்கு அப்படித்தான் வந்தது. இடித்துவிட்ட வீட்டுக்கும் ஓராண்டு வரி கட்டிய பின்னரே அதைக் கவனித்தோம்.